முழங்கால் வரை

பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில்
ஓதம் ஏறும் நேரத்தை எழுதிவைப்பது என் வேலை.
ஆறு பதினேழு என்றால் ஆறு பதினேழு.
கொஞ்சம் பிசகினாலும்
ஏதோ ஒரு கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் நான் வேறொருத்தி.

இரண்டு வருடமாக
என் நிலைக்கண்ணாடி தரையிலேயே நிற்கிறது,
தண்டனை வாங்கிய பிள்ளைபோலச் சுவரில் சாய்ந்து.
அதற்கு என் முகம் தெரியாது.
முழங்கால் வரை என்னை நன்றாகத் தெரியும்:
கிழிந்த காலுறை, ஜோடி மாறிய செருப்பு,
மேசைக்காலில் இடித்துக் கறுத்த கட்டைவிரல்.

ஒரு துளை போட வேண்டும். அவ்வளவுதான்.
துளைக்கும் கருவிகூட இருக்கிறது,
கீழ்வீட்டு ஹெல்லா இரவல் தந்தது.
"அவசரமில்லை, வீப்கே" என்றாள்.
அவள் சொன்னதில் அந்த ஒரு சொல்லை மட்டும்
பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துளைக்கக் கூடாது, அமைதி நாள்.
மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை கட்டடமே உறங்கும்.
வேலைநாள் மாலைகளில் கை சோர்ந்திருக்கும்.
சனிக்கிழமைக்குச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை,
அதனால் சனிக்கிழமைகளை வெறுத்தேன்.

எங்கள் ஜெர்மனில்
காலைக்கும் நாளைக்கும் ஒரே சொல்.
படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்கள் காலை வணக்கம் சொன்னால்
நாளை, நாளை என்று
எனக்குத் தவணை கொடுப்பதுபோலவே கேட்கும்.
புன்னகையோடு வாங்கிக்கொள்வேன்.

பிறகு ஹெல்லா ஓல்டன்புர்குக்குக் குடிபோய்விட்டாள்.
கீழே அவள் கணவர் உல்ஃபெர்ட் மட்டும்.
கருவியைத் திருப்பித் தரவும் முடியவில்லை.
"கண்ணாடி மாட்டியாயிற்றா?" என்று கேட்டுவிட்டால்?
கதவில் காதை வைத்து
கீழே தாழ்ப்பாள் ஓசை அடங்கிய பிறகே இறங்கினேன்.
என் வீட்டுக் குப்பையை நானே திருடுகிறவள்போல்
வெளியே கொண்டுபோனேன்.
இரண்டு கிலோ இரும்பு
அலமாரியில் கிடந்தபடியே கனத்துக்கொண்டு போனது.

போன வியாழன் மூடுபனி.
படகு பதினான்கு நிமிடம் தாமதம், அதையும் எழுதினேன்.
வழக்கமாக நாற்காலியில் உட்கார்ந்துதான் காலணி கழற்றுவேன்.
அன்று நாற்காலியில் ஈரக் கோட்டு.
நின்றவாக்கில் குனிந்தேன்.
கண்ணாடிக்குள் என் முகம் வந்தது,
ரத்தம் இறங்கிச் சிவந்து,
யாரிவள் என்று கேட்பதுபோல.

கழற்றினால் தேநீர்.
தேநீருக்குப் பின் சோபா.
சோபாவுக்குப் பின் நடந்தது எதுவும் எனக்கு நினைவிருந்ததில்லை.
கழற்றவில்லை.
மனவுறுதி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை,
காலில் காலணி இருந்தது.

முதல் துளை கோணல்.
சுண்ணாம்பு தலையில் கொட்டியது.
இரண்டாவதும் சற்றுக் கோணல், ஆனால் ஆணி பிடித்தது.
பழக்க தோஷத்தில் நேரம் பார்த்தேன்:
ஆறு முப்பத்தொன்றிலிருந்து ஆறு முப்பத்தாறு.

அதே காலணியோடு கீழே போனேன்.
உல்ஃபெர்ட் கருவியை வாங்கவில்லை.
அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"என் தம்பி ரெங்கே எடுத்துப்போய்விட்டான் என்று
ஈஸ்டர் விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்."
அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லையாம்.
பதினொரு மாதம்.

என் முடியில் சுண்ணாம்பு, தொண்டையிலும்.
மன்னிப்புக் கேட்டேன்.
அது போதாது என்று இருவருக்கும் தெரிந்தது.
"அவரைக் கூப்பிடுங்கள்" என்றேன்.
அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
நாளைக்கு என்றார்.
காலையில் என்றாரோ என்னவோ.

நான் வாசலைவிட்டு நகரவில்லை.
"காலணி போட்டிருக்கிறேன், உல்ஃபெர்ட்.
எவ்வளவு நேரமானாலும் நிற்பேன்."

நீண்ட நேரம் கழித்து எண்களை அழுத்தினார்.
மறுமுனையில் மணி போனது.
நான்கு, ஐந்து. துண்டிக்க விரலைக் கொண்டுபோனார்.
"பொறுங்கள்" என்றேன்.
அங்கேயும் ஒருவர்
உங்கள் பெயரைத் திரையில் பார்த்தபடி
அப்புறம் எடுக்கலாம் என்று உட்கார்ந்திருக்கக் கூடும்.

ஏழு. எட்டு.

ஆறு நாற்பத்தாறு.